சோனி நிறுவனத்தின் எழுச்சியும் அதன் தலைவர் இருவரும்

கைத்தொழில் வரலாற்று நூல்களிலே யப்பானைப் பற்றிய கூற்றொன்று மீண்டும் மீண்டும் வரும். பிறர் கண்டறிந்தவற்றைப் பார்த்துச் செய்து, குறைந்த கூலியினால் அவற்றை மலிவாக்கி, உலகச் சந்தையை நிரப்பி அந்நாடு செல்வமெய்திற்று என்பதே அக்கூற்று. போருக்கு முந்திய காலத்து விளையாட்டுப் பொருள்களுக்கும் பருத்தித் துணிகளுக்கும் இது ஓரளவு பொருந்தலாம். 1945ஆம் ஆண்டின் பின்னர் எழுந்த இலத்திரனியற் கைத்தொழிலை இவ்வொரு வாக்கியத்தில் அடக்கிவிட முடியாது. இதற்கு நேர்மாறான கதையொன்றை இக்காலத்து வணிக நூல்கள் பரப்பி வருகின்றன. தலைவனொருவன், மக்கள் விரும்பப்போவது யாது என்பதை அவர்கள் அறியுமுன்னரே தான் அறிந்து, எவரையும் கேளாது முடிவு செய்து வென்றான் என்பது அக்கதை. சோனி நிறுவனத்தின் அகியோ மொரிதா இக்கதைகளின் நாயகருள் முதன்மையானவர்.

மொரிதா எவரையும் கேளாது முடிவு செய்தவரே, அதில் ஐயமில்லை. ஆனால் அதே துணிவு சில பொருள்களில் அவரை உலகப் புகழுக்கு உயர்த்தியது, வேறொரு பொருளில் மீளாத் தோல்விக்கு உள்ளாக்கியது. வெற்றியை மட்டும் எடுத்துக் கூறித் தோல்வியைத் தற்செயல் என்று ஒதுக்குவது வரலாறாகாது. இரண்டினையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும்.

நிறுவனத்தைத் தொடக்கியவர் மொரிதா அல்லர் என்பதை முதலிற் கூறுதல் தகும். மசாரு இபுகா 1908இல் பிறந்தவர். வசேதா பல்கலைக்கழகத்திற் பயின்ற பொறியியலாளர். 1945ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலே, குண்டுவீச்சினால் பாழடைந்திருந்த தோக்கியோ நகரின் நிஹொன்பாசிப் பகுதியில், சிரோக்கியா என்னும் பெருங்கடைக் கட்டடத்தின் அறையொன்றில் அவர் சிறு தொழிலகம் அமைத்தார். பழைய வானொலிப் பெட்டிகளைத் திருத்தி, சிற்றலை ஒலிபரப்பையும் கேட்கச் செய்யும் இணைப்புக் கருவியொன்றைப் பொருத்திக் கொடுத்தலே முதல் தொழில். அசாகிப் பத்திரிகையில் இதைப்பற்றி ஒரு சிறு குறிப்பு வெளிவந்தது. அதனைத் தம் ஊரிலிருந்து வாசித்தவர் மொரிதா.

மொரிதா 1921இல் நகோயாவில் பிறந்தவர். தலைமுறை தலைமுறையாக அரிசி மதுவடிக்கும் தொழில் செய்துவந்த செல்வக் குடும்பத்தின் மூத்த மகன். ஒசாக்கா பல்கலைக்கழகத்திற் பௌதிகம் பயின்று கடற்படையில் அதிகாரியாயிருந்தபோது, போர்க்கால ஆராய்ச்சிக் குழுவொன்றில் இபுகாவைச் சந்தித்திருந்தார். மூத்த மகன் குலத்தொழிலை விட்டு வேறு தொழிலுக்குப் போவது அந்நாட்டுக் குடும்ப முறைக்கு எளிதில் ஒவ்வாத காரியம். நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆகவே, இபுகாவும் அவருடைய மாமனாரும் முன்னாட் கல்வியமைச்சருமான தமோன் மயேதாவும் மொரிதாவின் தந்தையாரிடம் நேரிற் சென்று மகனைக் கேட்டனர். தந்தையார் இசைந்தார், பின்னர் பணமும் கொடுத்துதவினார். 1946 மே 7ஆம் நாள், 190,000 யென் முதலுடன், ஏறத்தாழ இருபது பேரைக் கொண்டு தோக்கியோ தொலைத்தொடர்புப் பொறியியல் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. மயேதா அதன் முதல் தலைவரானார்.

தொடக்கத்து முயற்சிகளுள் ஒன்று மின்சாரச் சோற்றுப் பானை. மரத்தொட்டியின் அடியில் அலுமினியத் தகடுகளை வைத்து மின்னோட்டம் பாய்ச்சினர். சோறு ஒரு நாள் வேகாது, மறு நாள் குழைந்தது. ஒன்றேனும் விற்பனைக்கு வரவில்லை. இத்தகைய நிறுவனம் பின்னாளில் உலகப் பெயர் பெறும் என்று அன்று எவரும் சொல்லியிருக்க முடியாது.

அமெரிக்கப் படையினர் கொணர்ந்த ஒலிப்பதிவுக் கருவியொன்றைக் கண்டபின், அத்தகைய கருவியைத் தாமே செய்வதென இபுகா முடிவு செய்தார். காந்த நாடா யப்பானில் அன்று கிடைக்கவில்லை. இரும்புச் சேர்வையொன்றைச் சமையற் சட்டியில் வறுத்துக் காந்தப் பொடியாக்கி, அதனைக் காகித நாடாவின் மீது தூரிகையினாற் பூசிக் கண்டனர். 1950இல் கருவி வெளிவந்தது. அதன் நிறை 35 கிலோகிராம்; விலை 160,000 யென். கண்டோர் வியந்தனர், வாங்கினாரில்லை. விற்பனையின்றித் திகைத்திருந்த நாட்களில், பழம்பொருட் கடையொன்றில் ஒருவர் தம் கருவியின் விலையிலும் கூடிய தொகை கொடுத்துப் பழைய சாடியொன்றை வாங்கக் கண்டதாக மொரிதா தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். பொருளின் பயனை உணர்ந்தவனே விலை கொடுப்பான் என்பது அன்று அவருக்குத் தெளிவாயிற்று. போருக்குப் பின் சுருக்கெழுத்தாளர் குறைவினால் இடர்ப்பட்ட நீதிமன்றங்களும், அடுத்தபடியாகப் பாடசாலைகளுமே முதற் கொள்வோராயின. ஆக்கும் பொறுப்பு இபுகாவிடமும், பயனை எடுத்துக்காட்டி விற்கும் பொறுப்பு மொரிதாவிடமும் பிரிந்தது இக்காலத்திலேதான்.

இனித் திரான்சிஸ்டரின் வரலாறு. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பார்டீன், பிராற்றேன் என்போர் அதனை முதலிற் செய்து காட்டினர்; அவர்களுக்கும் அவர்தம் குழுத்தலைவர் ஷொக்லிக்கும் 1956இல் நோபெல் பரிசு கிடைத்தது. அதன் உரிமத்தை வெஸ்டேர்ண் எலெக்ட்றிக் நிறுவனம் 25,000 டொலருக்கு வழங்க முன்வந்தது. 1952இல் அமெரிக்கா சென்ற இபுகா அதைக் கேள்வியுற்றார். 1953இல் மொரிதா சென்று உடன்படிக்கையிற் கையொப்பமிட்டார். அப்பயணத்தில் அவர் ஒல்லாந்து நாட்டின் அயின்தோவன் என்னும் சிற்றூரையும் கண்டார். பிலிப்ஸ் என்னும் பெருநிறுவனம் அவ்வூரில் எழுந்ததைப் பார்த்து, நம்மாலும் இயலும் என்று இபுகாவுக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பிலிப்சே பின்னாளில் இவ்வரலாற்றில் இருமுறை குறுக்கிடப் போகின்றது.

யப்பானிய வர்த்தக கைத்தொழில் அமைச்சு, இச்சிறு நிறுவனத்துக்கு அவ்வளவு அந்நியச் செலாவணி எதற்கு என்று முதலில் மறுத்தது. 1954இலேயே அனுமதி கிடைத்தது. அரசாங்கம் கைதூக்கி விட்டதனாலேயே யப்பானிய நிறுவனங்கள் யாவும் உயர்ந்தன என்று எழுதுவோர் இந்நிகழ்ச்சியைச் சிறிது நினைவிற் கொள்ளுதல் நன்று.

திரான்சிஸ்டரைக் கொண்டு பொதுமக்கட்குரிய பொருள் செய்வதாயின், செவிடர்க்குரிய கேட்கருவி தவிர வேறொன்றும் இயலாது என்று உரிமம் வழங்கியோரே கூறினர். இபுகா வானொலி செய்வதெனத் துணிந்தார். வானொலியின் உயரதிர்வுகளுக்கு அன்றைய திரான்சிஸ்டர் ஈடுகொடாது. ஆதலின் அதனையே மாற்றியமைக்க வேண்டியிருந்தது. கசுவோ இவாமா அமெரிக்கத் தொழிற்சாலைகளைப் பகலிற் பார்வையிட்டு, இரவில் நினைவிலிருந்து வரைந்து அறிக்கைகளாக அனுப்பினார். தோக்கியோவிலிருந்தோர் அவற்றைக் கொண்டு பொறிகளைச் செய்தனர். சேர்க்கப்படும் மாசுப்பொருளாகப் பொசுபரசுவை அவர்கள் தேர்ந்தமை, பெல் ஆய்வுகூடத்தார் பயனற்றதெனக் கைவிட்ட வழியாகும். இவ்வாராய்ச்சியின் தொடர்ச்சியிலே, 1957இல், அந்நிறுவனத்து ஆய்வாளர் லியோ எசாகி இலத்திரன்களின் சுரங்க விளைவை அரைக்கடத்தியிற் கண்டறிந்தார். 1973இல் நோபெல் பரிசும் பெற்றார். பார்த்துச் செய்தவர்கள் என்று கூறுவோர் இதற்கு என் சொல்வரோ அறியோம்.

ஆயினும் முதல் திரான்சிஸ்டர் வானொலி யப்பானில் தோன்றியதன்று. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ற்ஸ் நிறுவனத்தின் திரான்சிஸ்டர்களைக் கொண்டு அமெரிக்காவிற் செய்யப்பட்ட ரீஜென்சி வானொலி 1954 ஒக்டோபரிலேயே அறிவிக்கப்பட்டது; விலை 49.95 டொலர். யப்பானியரின் டீ. ஆர். 55 அடுத்த ஆண்டு ஓகஸ்டிலேயே வந்தது. முந்தியவர் நிலைக்கவில்லை, பிந்தியவர் நிலைத்தனர். ரீஜென்சியைச் செய்தோர்க்கு அது ஒரு புதுமைப் பொருள். இபுகாவுக்கோ நிறுவனத்தின் உயிர் அதில் அடங்கியிருந்தது. 1957இல் சட்டைப் பைக்குரியதென விளம்பரம் செய்யப்பட்ட டீ. ஆர். 63 வெளிவந்தது. அது வழக்கமான சட்டைப் பைக்குச் சிறிது பெரிதாயிருந்தமையால், விற்பனையாளருக்குப் பெரிய பை வைத்த சட்டைகள் தைத்துக் கொடுக்கப்பட்டன என்று மொரிதாவே நகைச்சுவையுடன் ஒப்புக்கொண்டுள்ளார். வியாபாரத்தில் இத்தகைய தந்திரமும் உண்டு போலும்! இவ்வகை வானொலிகள், நம் நாட்டுக் கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் எட்டுமுன்னரே வந்து சேர்ந்தமையை மூத்த பழைய மாணவர் அறிவர்.

1955இல் நிகழ்ந்த ஒரு செயலை ஈண்டு விரித்துரைத்தல் வேண்டும். பின்னர் வரும் தோல்விக்கும் அதற்கும் தொடர்புண்டு. நியூயோர்க்கில் புலோவா என்னும் கடிகார நிறுவனம் 100,000 வானொலிகளை வாங்க முன்வந்தது. அக்கட்டளையின் பெறுமதி மொரிதாவின் நிறுவனத்து முதலைப் பன்மடங்கு விஞ்சியது. ஒரே நிபந்தனை, வானொலியிற் புலோவாவின் பெயரே பொறிக்கப்படல் வேண்டும் என்பது. ஏற்குமாறு தோக்கியோவிலிருந்து தந்தி வந்தது. மொரிதா மறுத்தார். ஐம்பது ஆண்டுகளாக உலகறிந்த தம் பெயரை விடுத்து எவரும் அறியாப் பெயரில் விற்பதா என்று புலோவாவின் அதிகாரி வியந்தபோது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் உங்கள் பெயரையும் எவரும் அறிந்திரார், நாம் இன்று அந்த முதலாண்டில் நிற்கின்றோம் என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்தார். தம் வாழ்நாளிற் செய்த முடிவுகளுள் இதுவே சிறந்தது என்று பிற்காலத்திற் கூறினார். ஒலி என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லையும் சிறுவனைச் செல்லமாக விளிக்கும் ஆங்கிலச் சொல்லையும் இணைத்து ஆக்கப்பட்ட சோனி என்னும் பெயர் 1955இல் பொருள்களில் இடம்பெற்றது. 1958இல் நிறுவனத்துக்கே பெயராயிற்று. 1961இல் அமெரிக்கச் சந்தையில் தன் பங்குகளை விற்ற முதல் யப்பானிய நிறுவனமும் அதுவே. 1963இல் மொரிதா தம் குடும்பத்துடன் நியூயோர்க்கிற் குடியேறி, அம்மக்களின் பழக்க வழக்கங்களை அருகிருந்து கற்றார். 1968இல் வந்த திரினித்திரன் வர்ணத் தொலைக்காட்சி இபுகா நேரடியாக முன்னின்று நடத்திய பணி. அது தனியே எழுதத்தக்கது.

1979இல் வந்த வோக்மன் பற்றிய கதை யாவரும் அறிந்தது. நெடும்பயணங்களில் இசை கேட்க விரும்பிய முதியவர் இபுகாவுக்காக, பத்திரிகையாளர் பயன்படுத்திய சிறு பதிவுக் கருவியின் பதிவுப் பகுதி நீக்கப்பட்டது. ஏறத்தாழ 50 கிராம் நிறையுள்ள காதணிக் கருவி அதனோடு சேர்க்கப்பட்டது. பதிவு செய்யாத கருவியை யார் வாங்குவர் என்று விற்பனைப் பகுதியினர் தயங்கினர். 30,000 கருவிகள் விற்காவிடின் தாம் பதவி துறப்பதாக மொரிதா கூறினார். ஜூலை 1ஆம் நாள் 33,000 யென் விலையில் அது விற்பனைக்கு வந்தது. முதல் மாதத்தில் மூவாயிரமே விற்றது. ஓகஸ்ட் முடிவில் கையிருப்பு முழுவதும் தீர்ந்தது. வோக்மன் என்னும் பெயரின் ஆங்கிலம் பிழையெனக் கருதி வெளிநாடுகளுக்கு வேறு பெயர்கள் வைத்தனர். மக்களோ அப்பெயரையே வழங்கினர். 1986இல் அது ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியிலும் ஏறிற்று. இவ்வகைக் கருவிக்கு 1977இலேயே இத்தாலியில் உரிமை கோரி விண்ணப்பித்த அந்திரயாஸ் பாவெல் என்பவர் பல்லாண்டுகள் வழக்காடி, 2003இலேயே சோனியுடன் இணக்கங் கண்டார் என்பதையும் வரலாற்று மாணவர் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

வோக்மனின் வெற்றியில் வணிக நூலாசிரியர் காணாது விடும் ஒன்று உண்டு. அக்கருவியினுள் இடப்பட்ட கசெற், 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்டது. பிலிப்ஸ் அதற்கு உரிமக் கட்டணம் கேட்டபோது, கட்டணமின்றி யாவர்க்கும் வழங்குமாறு வாதாடி 1965இல் இசையச் செய்தவர் சோனியின் நோரியோ ஓகா. ஆதலின் 1979இல் உலகின் எக்கடையிலும் எந்நிறுவனத்தின் இசைநாடாவும் கிடைத்தது. வோக்மன் அவற்றுள் எதனையும் இசைத்தது. திரான்சிஸ்டர் வானொலியும் அத்தகையதே. எந்நிலையம் ஒலிபரப்பினும் அது கேட்கும். இக்கருவிகளை வெளியிட மொரிதா பிறிதொருவரின் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வாங்குவோன் ஒருவனின் மனத்தை மட்டும் அறிந்தாற் போதும். அதனை அவர் நன்கறிந்திருந்தார்.

வீடியோப் பதிவுக் கருவி அத்தகையதன்று. ஒருவர் பதிந்த நாடா மற்றவர் கருவியில் ஓடுதல் வேண்டும். படம் வெளியிடுவோர் எவ்வகை நாடாவிற் படத்தைத் தருவது என்று தீர்மானித்தல் வேண்டும். தொழிலிற் போட்டியிடுவோரே ஒன்றுகூடி உடன்பட வேண்டிய பொருள் அது. 1974இல் சோனி தன் பீற்றாமக்ஸ் கருவியை மத்சுஷித்தா, ஜே. வீ. சீ. முதலிய நிறுவனங்களுக்குக் காட்டி, இதனையே பொது முறையாக ஏற்குமாறு கேட்டது. அப்போது உற்பத்திக்கு வேண்டிய ஏற்பாடுகள் முன்னரே முடிவாகியிருந்தன. வந்தோர், தம்மைக் கலந்தாலோசிக்க அழைத்ததாகவன்று, முடிந்த காரியத்தைக் காட்ட அழைத்ததாகவே கொண்டனர். 1975இல் பீற்றாமக்ஸ் வெளிவந்தது; ஒரு மணி நேரம் மட்டுமே பதியும். 1976 ஒக்டோபரில் ஜே. வீ. சீ. தன் வீ. எச். எஸ். கருவியை வெளியிட்டது, அது இரண்டு மணி நேரம் பதியும். ஒரு திரைப்படம் ஒரே நாடாவில் அடங்குவதற்கு அது போதும்.

இவ்விடத்தில் மற்றொரு தலைவர் வரலாற்றிற் புகுகின்றார். கொனொசுக்கே மத்சுஷித்தா 1894இல் பிறந்தவர்; வறுமையினால் ஒன்பது வயதிற் பள்ளியை விட்டுக் கடைச்சிறுவனாகச் சென்றவர். 1918இல் ஒசாக்காவில் மின்செருகிகள் செய்யத் தொடங்கி, நஷனல் என்னும் பெயரை நாடறியச் செய்தவர். மொரிதாவைப் போல் அவர் பௌதிகம் கற்றவரல்லர்; கடைக்காரரின் மனத்தைக் கற்றவர். எது மலிவாகச் செய்யப்படும், எதனைப் பலர் ஏற்பர் என்பதே அவருடைய கேள்வி. அவருடைய நிறுவனம் வீ. எச். எஸ். பக்கம் நின்றது. அமெரிக்காவின் ஆர். சீ. ஏ. நிறுவனம் காற்பந்தாட்டம் முழுவதையும் பதியத்தக்க நான்கு மணி நேரக் கருவி கேட்டபோது, 1977இல் அதனை ஆர். சீ. ஏ.யின் பெயரிலேயே செய்து கொடுத்தது. ஜே. வீ. சீ.யும் ஹித்தாச்சி முதலிய நிறுவனங்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பிறர் பெயரிற் செய்து கொடுப்பதற்குச் சோனி தயங்கிற்று. செனித் நிறுவனத்துக்கு 1977இல் உடன்பட்டபோது காலம் கடந்துவிட்டது. 1955இல் புலோவாவுக்குக் கூறிய மறுப்பு நிறுவனத்தைக் காத்தது. இருபது ஆண்டுகளின் பின் அதே மனநிலை அதற்குத் தடையாயிற்று. 1978ஆம் ஆண்டு உற்பத்தியில் வீ. எச். எஸ். முந்திவிட்டது. பீற்றாவின் படமே தெளிவானது என்று இன்றும் வாதிடுவோர் உளர். தெளிவில் வேறுபாடு சிறிது. கூட்டாளிகளின் தொகையிலேதான் வேறுபாடு பெரிது.

இதனிடையே ஹொலிவூட்டின் யூனிவேர்சல், டிஸ்னி நிறுவனங்கள், வீட்டிற் படம் பதிதல் பதிப்புரிமைக்கு மாறானது என்று 1976இல் சோனியின் மேல் வழக்குத் தொடுத்தன. எட்டாண்டு வழக்கின் பின், 1984 ஜனவரி 17ஆம் நாள், அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையினாற் சோனிக்குச் சார்பாகத் தீர்த்தது. அதே மாதத்திலேதான் யப்பானியப் பத்திரிகைகளில், பீற்றாமக்ஸ் மறைந்துவிடுமோ என்னும் வினாவைத் தலைப்பாகக் கொண்ட விளம்பரங்களைச் சோனியே வெளியிட்டது; மக்களின் ஐயத்தை நீக்கக் கருதிய அவ்விளம்பரம் ஐயத்தை வளர்த்தது. வழக்கை நடத்தியது சோனி. அதன் பயனைப் பெரிதும் துய்த்தோர் வீ. எச். எஸ். செய்தோர். 1988இல் சோனியும் வீ. எச். எஸ். கருவி செய்யத் தொடங்கிற்று.

இத்தோல்வியிலிருந்து நிறுவனம் இரண்டு பாடங்களைப் படித்தது. ஒன்று சரியாகவும் மற்றொன்று பாதி பிழையாகவும் படிக்கப்பட்டன என்பது எமது துணிபு. முதலாவது, உடன்பாட்டின் தேவை. இசைத்தட்டை இலக்க முறையில் ஆக்கும் முயற்சியில் சோனி தனித்து நில்லாது பிலிப்சுடன் சேர்ந்து ஒரே முறையை வகுத்தது. பாடகராகப் பயிற்சி பெற்ற ஓகா இதனை முன்னின்று நடத்தினார். 1982 ஒக்டோபர் 1ஆம் நாள் வெளிவந்த இறுவட்டு உலகெங்கும் ஏற்கப்பட்டது. இரண்டாவது, படமும் இசையும் நம் கையிலிருந்தால் எவரையும் இரந்து நிற்க வேண்டியதில்லை என்னும் எண்ணம். 1988இல் சீ. பீ. எஸ். இசைத்தட்டு நிறுவனத்தை 200 கோடி டொலருக்கும், 1989இல் கொலம்பியாத் திரைப்பட நிறுவனத்தை 340 கோடி டொலருக்கும் சோனி வாங்கிற்று. உடன்பாடு தேடுவதற்குப் பதில் உடைமை தேடியதே இது. 1994இல் திரைப்படத் தொழிலின் பொருட்டு ஏறத்தாழ 270 கோடி டொலரை இழப்பாகக் கணக்கெழுத நேர்ந்தது.

பணவிழப்பிலும் பெரியது பின்னர் நேர்ந்தது. இசையைக் கணினிக் கோப்பாக எடுத்துச் செல்லும் காலம் வந்தபோது, கருவி செய்யும் பகுதியும் பாட்டு விற்கும் பகுதியும் சோனியின் ஒரே கூரையின் கீழ் இருந்தன. கருவி எளிதாயின் பாட்டுக் களவு போகும் என்று ஒரு பகுதி அஞ்சியது. 1999இல் வந்த நினைவட்டை வோக்மன், சோனியின் தனி முறையில் மாற்றிப் பூட்டப்பட்ட பாட்டுகளையே இசைத்தது; மக்கள் கணினிகளில் நிறைந்திருந்த எம்பீ3 கோப்புகள் அதில் நேராக ஓடவில்லை. 2001 ஒக்டோபரில் அப்பிள் நிறுவனத்தின் ஐபொட் வந்தது. அது எம்பீ3 கோப்புகளை ஏற்றது. பாட்டு நிறுவனம் ஒன்றும் சொந்தமாக இல்லாத அப்பிளே, 2003இல் சோனியின் இசைப் பகுதி உட்பட ஐந்து பெரும் நிறுவனங்களையும் உடன்படச் செய்து தன் இசைக்கடையைத் திறந்தது. அதன் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ் மொரிதாவைத் தம் முன்னோடியாகப் போற்றியவர். 1999இல் மொரிதா காலமானபோது தம் பொருள் வெளியீட்டு மேடையிலேயே அவருக்கு அஞ்சலி செலுத்தினார்.

மொரிதா 1993 நவம்பர் 30ஆம் நாள் டெனிஸ் விளையாடுகையில் மூளை இரத்தக்கசிவினால் வீழ்ந்தார். இபுகா முந்திய ஆண்டே நோயுற்றிருந்தார். பேச்சிழந்த நிலையிலும் இருவரும் அருகமர்ந்து கைபற்றியிருந்தனர் என்பர். இபுகா 1997 டிசம்பரிலும் மொரிதா 1999 ஒக்டோபரிலும் மறைந்தனர். கசெற் வோக்மனின் உற்பத்தி யப்பானில் 2010இல் நின்றது. பீற்றாமக்ஸ் கருவி 2002இலேயே நிறுத்தப்பட்டிருந்தும், அதற்குரிய நாடாவைச் சோனி 2016 மார்ச்சு வரை விற்றுவந்தது. வெற்றி பெற்ற வீ. எச். எஸ். கருவியை இறுதிவரை செய்துவந்த பூனாய் நிறுவனம் அதே ஆண்டு ஜூலையில் தன் உற்பத்தியை நிறுத்திற்று.